அன்னூரிலிருந்து மைசூருவுக்கு லோடு: 170 கிலோமீட்டரா, 480 கிலோமீட்டரா?

அன்னூரில் இரண்டு முக்கியச் சாலைகள் குறுக்கிடுகின்றன. கோவையிலிருந்து வரும் ஒன்று புளியம்பட்டி, சத்தியமங்கலம், திம்பம் வழியாகக் கர்நாடகத்துக்கு ஏறுகிறது. மற்றொன்று மேட்டுப்பாளையத்தையும் அவிநாசியையும் இணைக்கிறது. மைசூருவுக்குப் பத்து டன் பம்ப்செட் அனுப்ப நினைக்கும் ஒருவர் செல்போனில் வரைபடத்தைத் திறந்தால் முதல் சாலைதான் கண்ணில் படும். சாம்ராஜ்நகர், நஞ்சன்கூடு வழியாகச் சுமார் 170 கிலோமீட்டர். லாரி புக்கிங் ஆபீஸில் கேட்டாலோ அவிநாசி, சேலம், கிருஷ்ணகிரி, பெங்களூரு என்று சுற்றி ஏறக்குறைய 480 கிலோமீட்டருக்கு வாடகை சொல்வார்கள். பக்கத்து ஊருக்குப் போக இவ்வளவா என்று சந்தேகம் வரும். வரைபடத்திலும் பொய் இல்லை, புக்கிங் ஆபீஸிலும் பொய் இல்லை. வித்தியாசம் வண்டியின் எடையில் இருக்கிறது.

பண்ணாரியைத் தாண்டினால் திம்பம் மலைப்பாதை. 27 கொண்டை ஊசி வளைவுகள். சுற்றிலும் 2013-ல் அறிவிக்கப்பட்ட சத்தியமங்கலம் புலிகள் காப்பகம். இன்று தேசிய நெடுஞ்சாலை 948 என்றும், முன்பு 209 என்றும் எண்ணிடப்பட்ட இந்தச் சாலையில், நீண்ட லாரி ஒன்று வளைவில் திரும்ப முடியாமல் நின்றுவிட்டால் மேலே தாளவாடிவரையும் கீழே பண்ணாரிவரையும் பிழைப்பு நின்றுபோகும். இரவில் வண்டிகளில் அடிபட்டு மான்களும் மற்ற விலங்குகளும் சாவது தொடர்ந்தது. ஈரோடு மாவட்ட ஆட்சியர் 2019 ஜனவரியில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை விதித்து ஆணை பிறப்பித்தார். அது காகிதத்திலேயே கிடந்தது. சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் 2022 பிப்ரவரி 10 முதல் அமலுக்கு வந்தது: சரக்கு வண்டிகளுக்கு மாலை 6 மணி முதல் காலை 6 மணி வரை, மற்ற வண்டிகளுக்கு இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை தடை. அடுத்த சில வாரங்களில் எடைக்கும் வரம்பு வந்தது. 16.2 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்குப் பகலிலும் இந்த மலை இல்லை என்றானது.

இந்த 16.2 டன் என்பது சரக்கின் எடை அல்ல, வண்டியும் சரக்கும் சேர்ந்த மொத்த எடை. ஆறு சக்கர லாரி காலியாகவே ஆறு, ஆறரை டன் இருக்கும். அதில் பத்து டன் பம்ப்செட்டை ஏற்றினால் வரம்பைத் தொட்டுவிடும் அல்லது தாண்டிவிடும். 2018-ல் மத்திய அரசு அச்சு எடை வரம்பை உயர்த்தியபோது, 16.2 டன்னாக இருந்த இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை 18.5 டன் ஆனது. பத்து சக்கர டாரஸுக்கு 25 டன்னிலிருந்து 28.5 டன். சட்டப்படி ஏற்றக்கூடிய முழு பாரத்தை ஏற்றிக்கொண்டே பண்ணாரி சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்பப்படும் நிலை இப்படித்தான் வருகிறது. ஐந்தாறு டன் மட்டும் என்றால் கதை வேறு. சிறிய ஈச்சர் வண்டி விடியற்காலை நாலரைக்கு அன்னூரில் கிளம்பினால், ஆறு மணிக்குப் பண்ணாரியில் கேட் திறக்கும் நேரத்துக்குச் சரியாக நிற்கும். முன்பகலில் மைசூருவில் இறக்கிவிடலாம். ஆசனூர், காரப்பள்ளம் பக்கம் யானை குறுக்கே நின்றால் நேரம் கூடும். கரும்பு லாரியை மறித்துக் கட்டுக் கட்டாக உருவிப் பழகிய யானைகள் அவை. பம்ப்செட்டில் அவற்றுக்கு ஆர்வமில்லை என்பது நம் அதிர்ஷ்டம். பங்குனியில் பண்ணாரி அம்மன் குண்டம் திருவிழா நாட்களில் அந்தச் சாலையில் லோடு போடாமல் இருப்பதே புத்தி.

‘மலைக்கு வேறு வழியே இல்லையா?’ என்று கேட்பவர்கள் உண்டு. அந்தியூரிலிருந்து பர்கூர் வழியாகக் கொள்ளேகால் போகலாம். அதுவும் குறுகலான மலைப்பாதை, மழைக்காலத்தில் மண் சரியும். ஊட்டி, கூடலூர் வழியில் பந்திப்பூர் காட்டுக்குள் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை தடை, இது 2009 முதலே உண்டு. கனமான லோடுக்கு இவை எதையும் நம்ப முடியாது.

ஆகவே சேலம் வழி. அன்னூரிலிருந்து அவிநாசி போய்த் தேசிய நெடுஞ்சாலை 544-ல் ஏறுவதில் ஒரு சின்ன லாபம்: கணியூர் சுங்கச்சாவடி பின்னால் விழுந்துவிடும். அதற்குப் பிறகு விஜயமங்கலம், வைகுந்தம், ஓமலூர், பாளையம், கிருஷ்ணகிரி, அத்திப்பள்ளி என்று வரிசையாக ஃபாஸ்டேக் கழியும். பெங்களூருவுக்குள் கனரக வண்டிகளுக்குப் பகலில் தடை நேரங்கள் இருப்பதால், ஓசூர் சாலையிலிருந்து நைஸ் ரோட்டில் திரும்பி மைசூரு சாலையைப் பிடிப்பதே வழக்கம். 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையில் ஓட்டம் நன்றாக இருக்கும், சுங்கமும் அதற்கேற்ப இருக்கும். திரும்பி வரும்போது கவனிக்க வேண்டிய இடம் தொப்பூர் கணவாய். தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் பக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு, பிரேக் பிடிக்காமல் முன்னால் போகும் வண்டிகளில் மோதிய விபத்துகள் கொஞ்சநஞ்சமல்ல.

கணக்கைப் பாருங்கள். கூடுதல் தூரம் 310 கிலோமீட்டர். பாரம் ஏற்றிய ஆறு சக்கர லாரி லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் தரும் என்றால் 62 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் டீசல் மட்டும் 5,700 ரூபாய்க்கு மேல் கூடும். சுங்கமும் டிரைவர் பேட்டாவும் தனி. இதைக் குறைக்கச் சிலர் அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றச் சொல்வார்கள். வரம்பு மீறினால் அபராதம் 20,000 ரூபாய், ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000 ரூபாய், கூடுதல் சரக்கை அங்கேயே இறக்கவும் வேண்டும். வாடகையில் மிச்சம் பிடித்ததைப் போல் பல மடங்கு ஒரே எடைமேடையில் போய்விடும்.

வாடகையைக் குறைக்கும் நேர்மையான வழி ரிட்டர்ன் லோடு. மைசூரு, சாம்ராஜ்நகர் மஞ்சள் ஈரோடு சந்தைக்கு வருகிறது. மைசூருவில் டயர் ஆலை இருக்கிறது, நஞ்சன்கூட்டில் தொழிற்பேட்டை இருக்கிறது. ஈரோட்டுக்கு மஞ்சள் கிடைத்த லாரி சேலம் வழியாகத்தான் திரும்பும். அந்த உறுதி இருந்தால் போகும்போதே வாடகையில் இறங்கி வருவார்கள். ‘நாளைக்கே வேண்டும்’ என்று அவசரப்படுத்தினால் இந்தச் சலுகை கிடைக்காது. இரண்டு நாள் முன்னால் சொன்னால் புக்கிங் ஆபீஸ்காரர் நாலு இடத்தில் விசாரித்து வைப்பார்.

பலரும் இடறி விழும் இடம் இ-வே பில். மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கு 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் 2018 ஏப்ரல் முதல் இது கட்டாயம். 2021 ஜனவரி முதல் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று செல்லுபடிக் காலம் கணக்கிடப்படுகிறது. தூரத்தை இரு ஊர்களின் பின்கோடை வைத்துப் போர்ட்டலே காட்டும். நாம் அதற்குமேல் 10 சதவீதம்தான் கூட்ட முடியும். அங்கே 170 என்று விழுந்தால், கூட்டினாலும் 187. கிடைப்பது ஒரே நாள். லாரியோ மூன்று நாள் கணக்குள்ள 480 கிலோமீட்டர் ஓடப்போகிறது. வண்டி எண்ணைப் பதிந்த நாளுக்கு மறுநாள் நள்ளிரவு வரை அந்த ஒரு நாள் செல்லும் என்பதால், எல்லாம் ஒழுங்காக நடந்தால் தப்பிக்கலாம். வழியில் டயர் போனாலோ, மைசூருவில் குடோன் பூட்டியிருந்தாலோ காலாவதி. காலம் முடிவதற்கு முந்தைய 8 மணி நேரத்திலோ பிந்தைய 8 மணி நேரத்திலோ காரணம் சொல்லி நீட்டிக்கலாம். அதைச் செய்யும் பொறுப்பு அனுப்புபவருக்கா, லாரி ஆபீஸுக்கா என்று வண்டி கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள். தடுத்து நிறுத்தி வழக்கானால் வரியைப் போல் இரு மடங்கு அபராதம்.

டிரைவரின் நேரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2025 நவம்பர் வரை இருந்த 1961-ன் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு எட்டு மணி நேர வேலை என்றது. 480 கிலோமீட்டர் பாரத்துடன் ஓட்டப் பன்னிரண்டு, பதினாலு மணி நேரம் ஆகும். இரண்டு டிரைவர், அல்லது கிருஷ்ணகிரிப் பக்கம் நிறுத்தித் தூக்கம். இரவு ஏழுக்குக் கிளம்பிக் காலை ஏழுக்கு இறக்க வேண்டும் என்று ஒற்றை டிரைவரிடம் கேட்பது அநியாயம். தொப்பூர் விபத்துகளில் கண்ணயர்ந்ததும் ஒரு காரணம்தான்.

சரக்கு சேதமானால் என்ன ஆகும் என்பதைப் பெரும்பாலானோர் லாரி ரசீதின் பின்பக்கத்தைக்கூடப் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். 1865-ன் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த 2007-ன் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் அதன் 2011 விதிகளும் சொல்வது இது: மதிப்பைத் தனியாக அறிவித்துக் கூடுதல் கட்டணத்துக்கு ஒப்புக்கொள்ளாவிட்டால், போக்குவரத்து நிறுவனத்தின் பொறுப்பு வாடகையைப் போல் பத்து மடங்கோடு முடிந்துவிடும். 25,000 ரூபாய் வாடகைக்கு இரண்டரை லட்சம். பத்து டன் பம்ப்செட் அதைவிட எவ்வளவோ பெறும். லாரிக்கான இன்ஷூரன்ஸ் லாரிக்குத்தான், சரக்குக்கு அல்ல. சரக்குக்கு என்று தனிப் பாலிசி எடுங்கள். நட்டஈடு கேட்டு நோட்டீஸ் அனுப்ப 180 நாள் அவகாசம் உண்டு. இறக்கும் இடத்திலேயே சேதத்தை ரசீதில் எழுதிக் கையெழுத்து வாங்காவிட்டால் அந்த அவகாசத்தால் பயன் அதிகம் இல்லை.

ஆயுத பூஜைக்கு முன்பின் நாட்களில் நம் பக்கம் லாரி கிடைக்காது, மைசூருவில் தசரா நெரிசல். அந்த வாரத்தை விட்டுவிடுங்கள். சனிக்கிழமை மதியம் லோடு ஏற்றினால் ஞாயிறு குடோன் பூட்டியிருக்கும், ஹால்டிங் காசு உங்கள் தலையில் விழும்.

என் தீர்ப்பு: சிறிய வண்டியில் அடங்கும் ஐந்தாறு டன் என்றால் விடிகாலையில் திம்பம் ஏற்றுங்கள், ஆனால் அன்றைய நிலையைப் பண்ணாரி சோதனைச் சாவடியில் விசாரித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் 480 கிலோமீட்டருக்கே விலை போடுங்கள். 170-ஐ நம்பி மைசூரு வாடிக்கையாளருக்கு விலை சொல்லிவிட்டால் அந்த வித்தியாசம் உங்கள் லாபத்திலிருந்துதான் போகும்.