டாக்டருக்குப் பாடம் சொன்ன கம்ப்யூட்டர்

நோயாளிக்குக் கடும் காய்ச்சல். ரத்தத்தில் கிருமி புகுந்துவிட்டது. எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்க ஒரு நாளுக்கு மேல் ஆகும். அதுவரை உயிர் தாங்குமா? எந்த மருந்தைக் கொடுப்பது?

இந்த இடத்தில் டாக்டருக்குத் துணையாக ஒரு கம்ப்யூட்டரைப் பழக்கினார்கள். 1970-களில், அமெரிக்காவில், ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில்! அதற்கு 'மைசின்' என்று பெயர். அதை உருவாக்கிய எட்வர்டு ஷார்ட்லிஃப் அப்போது மருத்துவ மாணவர்.

சுமார் 500 விதிகள் அதற்குள் இருந்தன. அது கேள்வி கேட்கும். டாக்டர் பதில் சொல்வார். "ஏன் கேட்கிறாய்?" என்று டாக்டர் திருப்பிக் கேட்டால் காரணமும் சொல்லும். (பெரிய டாக்டர்களே சிலர் இதைச் சொல்வதில்லை!)

1979-ல் அதன் பரீட்சை முடிவு வெளியானது. மூளை உறைக் காய்ச்சல் கண்ட 10 பேரின் விவரம் கொடுக்கப்பட்டது. எந்தச் சிகிச்சை யார் சொன்னது என்று நீதிபதிகளான 8 நிபுணர்களுக்குத் தெரியாது. மைசினுக்கு 65 சதவீதம். பேராசிரியர்களில் முதலில் வந்தவருக்கு 62.5!

ஆனாலும் ஆஸ்பத்திரியின் அன்றாட வேலைக்கு அது வரவே இல்லை.

அதை வாத்தியாராக்கிப் பார்த்தார் வில்லியம் கிளான்சி. அங்கேதான் குட்டு வெளிப்பட்டது. '8 வயதுக்குள் டெட்ராசைக்ளின் கொடுக்காதே' என்பது ஒரு விதி. ஏன் கூடாது? மாணவருக்கு அதுதானே தெரியவேண்டும்? வளரும் பல்லில் கறை படியும். அந்தக் காரணம் விதியில் எழுதப்படவில்லை. எழுதாதது கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?

கிளான்சி விதிகளைத் திருத்தி எழுத உட்கார்ந்தார். புதியதற்குப் பெயர், 'நியோமைசின்'.