கலங்கலில் தொடங்கும் ராஜ்ஜியம்

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், அவசரமில்லை. நண்பர்கள் நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் கதை நடத்துகிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, தாம் செய்யப்போவதைச் சொல்லிப் பகடை உருட்டுகிறார்கள். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’தான் இவ்வகை விளையாட்டுக்கு முன்னோடி. ஒரே கதை மாதக்கணக்கில் நீளும். அது நடக்க ஓர் உலகம் வேண்டும். அதை எங்கிருந்து தொடங்குவது?

பெரும்பாலோர் ஏழு கண்டங்கள், மூவாயிரம் ஆண்டு வரலாறு, அரச வம்சப் பட்டியல் என்று மேலிருந்து தொடங்குகிறார்கள். நோட்டு நிரம்புகிறது, விளையாட்டு தொடங்குவதில்லை. முன்னோடிகள் அப்படிச் செய்யவில்லை. ஆர்னெசனின் பிளாக்மூர் ஒரு கோட்டையும் அதன் ஊரும் அடியில் நிலவறையுமாக இருந்து, ஆடியவர்கள் வெளியே போகப் போக நாடாக வளர்ந்தது. காட்டுவெளிக்கு வரைபடம் தேவைப்பட்டபோது, ‘அவுட்டோர் சர்வைவல்’ என்ற வேறொரு விளையாட்டின் பலகையை எடுத்துக்கொள்ளச் சொன்னது ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ முதல் பதிப்பு.

சென்னையை அடுத்த படப்பைக்காரர்களுக்கு அந்தப் பலகை ஊரைச் சுற்றியே கிடக்கிறது. இங்கே ஓர் ஏரி நிரம்பினால் உபரிநீர் கலங்கல் வழியே வழிந்து கீழேயுள்ள ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கும் கீழே. அடையாறு உருவாவதே இந்தப் பக்கத்து ஏரிகளின் நீரில்தான். இப்போது கலங்கலை யாரோ ஒரு முழம் உயர்த்திவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊருக்கு இன்னொரு போகம் விளையலாம். ஆனால் நீர்ப்பிடிப்பிலுள்ள மேலூரின் வயல்கள் மூழ்கும், கீழூருக்குத் தண்ணீர் தாமதமாகும், பெருமழையில் கரைக்கே ஆபத்து. மூன்று ஊருக்கும் மூன்று நியாயம் இருக்கிறது. அரக்கனே வராமல் ஒரு சண்டை தயார்.

பழங்காலமும் பக்கத்திலேயே இருக்கிறது. வடக்கே மணிமங்கலம். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் நரசிம்மவர்மப் பல்லவன் இரண்டாம் புலிகேசியை முறியடித்த இடங்களில் ஒன்றாகக் கூரம் செப்பேடு அதைச் சொல்கிறது. ஏர் முனையில் துருப்பிடித்த வாள் ஒன்று சிக்கினால் அது யாருடையது என்று யோசியுங்கள், கதைக்கு அது போதும். மாயத்துக்கு மதுராந்தகம் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஏரிக்கரை உடையும் தறுவாயில் தெய்வமே இரண்டு வில்லாளிகளாகக் கரையில் காவல் நின்றதைக் கலெக்டர் பிளேஸ் கண்டார் என்பது அந்த ஊர் நம்பிக்கை. அங்கே தெய்வமும் தண்ணீர்க் கணக்குக்குள்தான் வருகிறது. உங்கள் உலகத்திலும் மந்திரம் இப்படி ஊர்க் கவலையோடு ஒட்டியிருந்தால்தான் நம்ப முடியும்.

இனி ஒவ்வொரு நிலத்தையும் எப்படி நிரப்புவது? இதற்குத் தொல்காப்பியத்தை விடச் சிறந்த வழிகாட்டி எனக்குத் தெரியவில்லை. முதற்பொருள் என்று நிலத்தையும் பொழுதையும் வைக்கிறது. கருப்பொருள் என்று தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் ஆகியவற்றைக் கேட்கிறது. உரிப்பொருள் என்று அந்த நிலத்துக்குரிய உணர்வைச் சொல்கிறது. இவற்றுக்கு விடை எழுதினால் ஓர் ஊர் உயிரோடு எழுந்துவிடும். மன்னர் பட்டியலால் அது முடியாது. மன்னர் பெயரை ஆடுபவர்கள் மறந்துவிடுவார்கள், எந்தப் பறை எப்போது ஒலிக்கும் என்பது நினைவில் நிற்கும்.

பக்கத்தில் தொழிற்சாலைகள் நிறைந்த ஒரகடத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். பொழுது ஷிப்ட் கணக்கு. பறை, சங்கொலி. உணவு, கேன்டீன் தட்டு. ஆயுத பூஜையன்று இயந்திரத்துக்குச் சந்தனமும் குங்குமமும். உணர்வு எது? பொருள் தேடி வீட்டைப் பிரிந்து வந்தவர்கள், வெவ்வேறு மொழி பேசுகிறவர்கள், ஓர் அறையில் ஆறேழு பேராகத் தங்குகிறார்கள். பொருள்வயிற் பிரிவு பாலைக்கு உரியது. முல்லையும் குறிஞ்சியும் வறண்டு பாலையாவதைப் பழைய இலக்கியம் சொல்கிறது. இங்கே மருதத்தின் மேல் ஒரு பாலை எழுந்திருக்கிறது. உறங்காத இரும்பு நகரம் ஒன்று, நாளுக்கு மூன்று முறை ஊதி, தொலைதூர நாடுகளிலிருந்து இளைஞர்களை அழைக்கிறது. அதன் சுவருக்கு வெளியே ஓர் ஏரி, கரையில் ஒரு காவல் தெய்வம். எந்த வெளிநாட்டுப் புத்தகத்திலும் இல்லாத உலகம் இது. நம்மவர்கள் இதை ஆடிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு உண்மையிலேயே ஆசை.

இருபது முகப் பகடை கிடைக்கவில்லையா? வீட்டுத் தாயக்கட்டை இரண்டு போதும். 4, 5, 6, 12 விழுந்தால் நினைத்தது நடக்கும் என்று வையுங்கள். 16இல் 7 வாய்ப்பு. தாயம் விழ 16இல் 2. அப்போதும் நடக்கட்டும், ஆனால் ஏதோ ஒன்றை இழந்து.

முதல் நாளுக்கு ஓர் ஏரி, மூன்று ஆட்கள், ஒரு தகராறு. இதற்கு மேல் எழுத வேண்டாம். மிச்சத்தை நண்பர்களிடம் கேளுங்கள். ஏரி நீரைப் பங்கிட்டு விடும் நீர்க்கட்டியாக ஆடுகிறவரே மதகுத் தெய்வத்தின் பெயரையும் அதற்குப் பிடித்த படையலையும் சொல்லட்டும். தான் உண்டாக்கிய தெய்வத்துக்கு ஆபத்து வந்தால் அவர் சும்மா இருக்க மாட்டார். கலங்கலை இரவோடு இரவாக உயர்த்தியது யார் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துவைக்காதீர்கள். மேசையில் நாலு ஊகம் கிளம்பும். அவற்றில் நன்றாக இருப்பதை எடுத்து, அதுதான் நடந்தது என்று அடுத்த வாரம் கதையைத் தொடருங்கள்.