சில்லும் பூட்டும்: கணிப்பொறியின் வேகம் குறித்துச் சில குறிப்புகள்

இயந்திரத்தின் வேகத்தைக் கூட்டுவது என்றதும் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு மில் ஞாபகம் வருவது இயல்பு. விக்கிரமசிங்கபுரத்தில் தாமிரபரணியின் நீர்வேகத்தைக் கொண்டு ஹார்வி மில்லின் கதிர்கள் சுற்றின. கதிரின் வேகத்தை முதலாளி கூட்டினால் பிழியப்படுவது தொழிலாளியின் உழைப்பு என்பதை ‘மூலதனம்’ முதல் தொகுதியில் மார்க்ஸ் விரிவாகவே பேசுகிறார். கணிப்பொறியில் நிலைமை தலைகீழ். விற்றவன் வேகத்தைப் பூட்டி வைக்கிறான். வாங்கியவன் திறக்கப் பார்க்கிறான். இதற்கு ‘ஓவர்கிளாக்கிங்’ என்று பெயர்.

தமிழ் எம்.ஏ. படித்த நான் இந்த விவகாரத்துக்குள் வந்தது பழைய சிற்றிதழ்களால்தான். தொட்டால் நொறுங்கும் இதழ்களை ஸ்கேன் செய்து, ‘டெசராக்ட்’ என்ற கட்டற்ற மென்பொருளால் எழுத்தாக்குவது என்று நண்பர்கள் முடிவு செய்தோம். இந்த வேலை பிராசசரின் தலையில்தான் விழும். பெரிய கம்பெனி மெஷின் வாங்கக் காசில்லை. கேபினெட், மதர்போர்டு, எஸ்.எம்.பி.எஸ். என்று தனித்தனியாக வாங்கி, பாளையங்கோட்டையில் நண்பர் வீட்டு மாடியறையில் வைத்து அசெம்பிள் பண்ணினோம்.

மதர்போர்டு தரும் அடிப்படைத் துடிப்பை ஒரு பெருக்கெண்ணால் பெருக்கினால் வருவது பிராசசரின் வேகம். 1998இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ-க்கு அடிப்படை 66 மெகாஹெர்ட்ஸ், பெருக்கெண் 4.5, ஆக 300. பெருக்கெண்ணை இன்டெல் பூட்டியிருந்தது. அடிப்படையையே 100 ஆக்கினால்? 450. அந்தச் சில்லுகளில் பல அந்த வேகத்தில் சாவகாசமாக ஓடின. அப்படியானால் மேலே அச்சிட்டிருந்த 300 என்ற எண் எதைச் சொல்கிறது?

ஒரே மாதிரி சிலிக்கான் தகட்டில் விளைகிற சில்லுகளைச் சோதித்துத் தரம் பிரிக்கிறார்கள். தேறாதது மலிவுப் பெயரில் போகிறது. அதுவரைக்கும் நியாயம். மலிவுச் சரக்குக்குக் கிராக்கி கூடினால் தேறியதும் அதே பெயரில் போகிறது. தமிழவனின் ‘ஸ்ட்ரக்சுரலிசம்’ (1982) வழியாகச் சசூரை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல: பக்கத்து எண்களோடுள்ள வித்தியாசத்தால்தான் இந்த எண்ணுக்கு மதிப்பு. 2010இல் இன்டெல் இதை ஒளிவுமறைவின்றியே செய்தது. பென்டியம் ஜி6951 வாங்கியவர் மேலும் 50 டாலருக்கு ஒரு கார்டு வாங்கி அதிலுள்ள எண்ணைத் தட்டினால், ஏற்கனவே அவர் மேசையிலிருக்கும் சில்லின் மூடிய பகுதிகள் திறந்துகொள்ளும். கிரயம் பண்ணிய வீட்டில் ஓர் அறைக்கு மட்டும் தனிச் சாவி, தனி விலை! அடுத்த ஆண்டே அதைக் கைவிட்டார்கள்.

ஆனால் எல்லா எல்லைகளும் சந்தை போட்டவை அல்ல. கட்டுடைப்பு உற்சாகத்தில் நாம் இதை மறந்துவிடுவதுண்டு. சில்லு தின்னும் மின்சாரம் வேகத்துக்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் இருமடி விகிதத்திலும் ஏறுகிறது. வேகத்தைக் கூட்டினால் சில்லு தடுமாறும். நிலைக்கச் செய்ய அழுத்தத்தையும் கூட்ட வேண்டிவரும். இரண்டையும் 10 சதவீதம் கூட்டினால் சூடு சுமார் 33 சதவீதம் கூடும். ஃபேனானாலும் சரி, தண்ணீர்க் குழாயானாலும் சரி, அறையின் வெப்பத்துக்குக் கீழே சில்லைக் கொண்டுபோக முடியாது. சித்திரையில் எங்கள் மாடியறை 38 டிகிரி. உதவிக்கு வந்த மெக்கானிக் தம்பி சொன்னான்: “அண்ணாச்சி, ஊரே அடுப்பால்ல கெடக்கு. இதுல இன்னும் கூட்டணுமாக்கும்?”

கேட்கவில்லை. மெமரியையும் சேர்த்து முடுக்கினோம். மெஷின் நின்றிருந்தால் நல்லது, நிற்கவில்லை. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் சில கோப்புகள் திறக்கவில்லை. இன்னொன்றில், கவிதையின் நடுவே சம்பந்தமில்லாத எழுத்து. ஏடு பெயர்த்தெழுதியவர்களின் கைப்பிழையால் பாடபேதங்கள் உண்டான கதையை உ.வே.சா. எழுத்துகளில் படித்த நாங்கள், சொந்தக் காசில் ஒரு பாடபேத இயந்திரம் செய்திருந்தோம்.

பிறகு திசையை மாற்றினோம். வேகத்தை விட்டுவிட்டு அழுத்தத்தை மட்டும் 10 சதவீதம் குறைத்தால் சில்லின் சூடு ஏறக்குறைய 19 சதவீதம் இறங்கும். இன்றைய சில்லுகள் சூடு அனுமதிக்கும்வரை தாமாகவே வேகம் கூட்டிக்கொள்பவை. எனவே குறைத்ததில் மத்தியான வேகம் கூடத்தான் செய்தது. எவ்வளவு குறைக்கலாம் என்பது சில்லுக்குச் சில்லு மாறும். கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, மெமரிக்கு மெம்டெஸ்ட்86, பிராசசருக்குப் பிரைம்95 என்று ராத்திரி முழுக்க ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்.

இப்போது பகலில் ஸ்கேன் மட்டும்; எழுத்தாக்கம் ராத்திரி பத்துக்கு மேல். கெட்டுப்போன இதழ்களை முதலிலிருந்து மறுபடி ஓட்டிக்கொண்டிருக்கிறோம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய ணை, லை, னை வடிவங்களில் டெசராக்ட் இன்னும் தடுக்கி விழுகிறது. அதைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்துகிறோம்.