சைரந்திரி வனம்: ஒரு மழைக்காட்டைக் காணும் முறை

கோயம்புத்தூரிலிருந்து மேற்கே ஆனைகட்டி வழியாகச் செல்லும் மலைச்சாலை, தமிழ்நாட்டின் எல்லையைக் கடந்து கேரளத்தின் அட்டப்பாடிப் பிரதேசத்திற்குள் புகுகிறது. முதலில் கண்ணிற்படுவன முட்புதர்களும், வறண்ட கரடுகளும், அவற்றில் மேயும் ஆடுகளுமே. அகளியைத் தாண்டிச் சிறிது தொலைவு சென்றதும் காற்றில் ஈரம் ஏறுகிறது. பாக்கு மரங்களும் மிளகுக் கொடிகளும் தோன்றுகின்றன. முக்காலி என்னும் சிற்றூரை அடையும்போது வேறொரு நாட்டிற்கே வந்துவிட்டோமோ என்று ஐயுறும் அளவிற்குக் காட்சி மாறிவிடுகிறது. ஒரு காலைப் பொழுதின் பயணத்திற்குள் இவ்வளவு பெரிய மாற்றம் எதனால் நிகழ்கிறது?

விடை மலையில் இருக்கிறது. ஜூன் மாதத்தில் அரபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று, நீலகிரி மலைத்தொகுதியின் தென்மேற்கு மூலையில் மோதி மேலெழுகிறது. மேலெழுந்த காற்று குளிர்கிறது. குளிர்ந்த மேகம் மேற்குச் சரிவிலேயே தன் சுமையை இறக்கிவிடுகிறது. மலையைத் தாண்டிக் கிழக்கே வரும் காற்றில் எஞ்சியிருப்பது சொற்பமே. ஆகவே கிழக்கு அட்டப்பாடி மழை மறைவுப் பிரதேசமாகக் காய்கிறது. மேற்கே சில காத தூரத்தில் ஆண்டு முழுவதும் இலை உதிர்ந்து மொட்டையாகாத மழைக்காடு வளர்கிறது.

அந்தக் காட்டைத்தான் ஆங்கிலேயர் சைலன்ட் வேலி என்று அழைத்தனர். தமிழில் ‘அமைதிப் பள்ளத்தாக்கு’ என்று பெயர்த்து வழங்குகிறோம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இப்பெயரில் அவ்வளவு திருப்தி இல்லை. அங்கே சிள்வண்டுகளின் ஓசை இல்லாததால் ஆங்கிலேயர் அப்பெயரிட்டனர் என்பார்கள். ஆனால் சிள்வண்டின் ஓசை அங்கே கேட்கத்தான் செய்கிறது. மலைநாட்டு மக்கள் நெடுங்காலமாக வழங்கிவந்த பெயர் சைரந்திரி வனம் என்பது. விராடன் அரண்மனையில் மறைந்து வாழ்ந்த காலத்தில் திரௌபதி தாங்கிய பெயரே சைரந்திரி. காட்டின் நடுவே ஓடும் ஆற்றிற்குக் குந்திப்புழை என்று பெயர். மாமியும் மருமகளும் ஆறாகவும் வனமாகவும் ஓரிடத்தில் இருக்கும்போது நமக்கு வேறு பெயர் எதற்கு?

முக்காலிக்கு அப்பால் சொந்த வாகனங்களுக்கு அனுமதி இல்லை. வனத்துறையின் அனுமதி பெற்ற ஜீப்பில், வழிகாட்டி ஒருவருடன், 23 கிலோமீட்டர் சென்றால் சைரந்திரி என்னும் இடம் வரும். விடுமுறைக்கு ஊர் திரும்பும் வெளிமாநிலத் தமிழர்கள் கோயம்புத்தூரிலோ பாலக்காட்டிலோ இறங்கி, ஒரு நாளை இதற்கென ஒதுக்கலாம். பாலக்காட்டிலிருந்து வருவோர்க்கு மண்ணார்க்காடு வழியாகப் பாதை உண்டு.

குடும்பத்தோடு செல்வோர் ஒன்றை முன்கூட்டியே குழந்தைகளுக்குச் சொல்லி வைப்பது நலம். இது விலங்குக் காட்சிசாலை அன்று. நாங்கள் சென்றபோது, முதல் அரைமணி நேரத்திற்குள் என் இளைய மகள், “அப்பா, மிருகமெல்லாம் எங்கே?” என்று மும்முறை கேட்டுவிட்டாள். நியாயமான கேள்விதான். புல்வெளியிலும் இலையுதிர் காட்டிலும் உணவு தரைமட்டத்தில் இருக்கிறது. ஆகையால் மான்கூட்டத்தையும் காட்டெருமையையும் எளிதில் காண்கிறோம். மழைக்காட்டிலோ வெயில் தரைக்கு வருவதே அரிது. உயர்ந்த மரங்களின் தலைகள் ஒன்றோடொன்று கோத்துப் பந்தலிட்டாற்போல் நிற்கின்றன. இலையும் பூவும் கனியும் அந்தப் பந்தலில் இருக்கின்றன. அவற்றை உண்ணும் உயிர்களும் அங்கேதான். தரையில் நின்று பார்க்கும் நாம், மாடி வீட்டில் நடக்கும் கலியாணத்தை நிலவறையில் இருந்து கேட்பவர்களைப் போன்றவர்களே.

ஆனால் தரையிலும் கற்பதற்கு உண்டு. வழிகாட்டி ஓரிடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, ஒரு பெரிய மரத்தின் அடியைக் காட்டினார். அடிமரத்திலிருந்து சுவர் எழுப்பினாற்போல் பலகை வேர்கள் நாற்புறமும் விரிந்திருந்தன. இவ்வளவு உயர்ந்த மரம் ஏன் ஆழமாக வேரூன்றாமல் இப்படி முட்டுக்கொடுத்து நிற்க வேண்டும்? உணவு ஆழத்தில் இல்லை என்பதே காரணம். உதிரும் இலை வெப்பத்திலும் ஈரத்திலும் விரைவில் மக்குகிறது. மக்கியதை மேல்மண்ணில் பரவிய வேர்களும் பூஞ்சைகளும் உடனே உறிஞ்சிக்கொள்கின்றன. இக்காட்டின் செல்வம் நிலத்தில் புதைத்து வைத்த செல்வம் அன்று. கைமாறிக்கொண்டே இருக்கும் செல்வம். மரங்களை வெட்டிவிட்டால், சில மழைக்காலங்களிலேயே மேல்மண் கரைந்து போய்விடும். காடு நின்றால்தான் மண் நிற்கும். மழையை இலையும் மக்கும் தாங்கி, மெல்ல மெல்லக் கசியவிடுவதாலேதான் குந்திப்புழை கலங்காமல் தெளிந்து ஓடுகிறது.

பந்தலில் வாழும் உயிர்களுள் தலையாயது சிங்கவால் குரங்கு. தமிழில் சோலைமந்தி என்றும் சொல்வதுண்டு. கரிய உடல், முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி, நுனியில் குஞ்சம் வைத்த வால். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத இனம் இது. தரைக்கு இறங்குவது குறைவு. ஆகவே கிளையோடு கிளை கோத்த காடு இதற்கு வேண்டும். வெடிப்பலா என்னும் மரத்தின் பூவும் விதையும் இதற்கு முக்கிய உணவு. துரியனுக்கு உறவான மரம் அது. முள் போர்த்த காய்கள் கிளைகளை ஒட்டியே காய்க்கும். வெடிப்பலா இல்லாத காட்டில் சோலைமந்தி தழைப்பது கடினம். நாங்கள் கண்டது ஒரு சிறு கூட்டத்தை, அதுவும் இரண்டு நிமிடமே. இருவாச்சிப் பறவையின் இறக்கை ஓசையைக் கேட்டோம், பறவையைக் காணவில்லை.

சைரந்திரியில் உள்ள காவற்கோபுரத்தில் ஏறிப் பார்த்தால் பள்ளத்தாக்கு முழுவதும் பச்சைக் கம்பளமாகத் தெரியும். அந்தப் பள்ளத்தாக்கின் தாழ்ந்த பகுதி இன்று நீருக்கடியில் இருந்திருக்க வேண்டியது. அணைக்கு ஏற்ற இடமென்று 1928-லேயே சைரந்திரி குறிக்கப்பட்டது. 1973-ல் திட்டக்குழு நீர்மின் திட்டத்திற்கு ஒப்புதல் தந்தது. எதிர்பார்த்த மின்சக்தி 120 மெகாவாட். வடகேரளத்தில் அக்காலத்தில் மின்சாரப் பஞ்சம் உண்மையாகவே இருந்தது. விளக்கையும் தொழிலையும் விரும்பிய மக்களைக் காட்டின் பகைவர் என்று சொல்வது முறையாகாது. கேள்வி வேறு: மின்சாரத்தை வேறிடத்தில் உற்பத்தி செய்யலாம், இக்காட்டை வேறிடத்தில் உண்டாக்க முடியுமா? கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் இக்கேள்வியை ஊர்தோறும் எடுத்துச் சென்றது. கவிஞர் சுகதகுமாரி முதலியோர் எழுதினர். பறவையியல் அறிஞர் சாலிம் அலி திட்டத்தைக் கைவிடுமாறு வேண்டினார். எம். ஜி. கே. மேனன் தலைமையிலான குழு ஆராய்ந்தபின், 1983-ல் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பரில் இக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது; 1985 செப்டம்பர் 7-ல் பிரதமர் ராஜீவ் காந்தி அதனைத் தொடங்கி வைத்தார். பூங்காவின் உட்பகுதி 89.52 சதுர கிலோமீட்டர். 2007-ல் அதனைச் சூழ 148 சதுர கிலோமீட்டர் காப்பு வளையம் சேர்க்கப்பட்டது.

தமிழர்க்கு இதில் நேரான உறவு ஒன்றும் உண்டு. குந்திப்புழை தெற்கே இறங்கிப் பாரதப்புழையில் கலந்து அரபிக் கடலைச் சேர்கிறது. அதே மலைத்தொகுதியில் பிறக்கும் பவானியோ, முக்காலியில் சட்டென்று வடகிழக்கே திரும்பி, அட்டப்பாடி வழியாகத் தமிழ்நாட்டிற்குள் வந்து காவிரியோடு சேர்கிறது. ஈரோட்டு மஞ்சளுக்குப் பாயும் நீரில் இம்மலைக் காடுகளின் பங்கு இருக்கிறது.

இனி, போவோர்க்குச் சில சொற்கள். ஜீப்புகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு; முன்பதிவு செய்துகொள்ளாமல் செல்ல வேண்டாம். மழைக்காலம் காட்டிற்கு நல்லது, குழந்தைகளுக்கு அன்று; டிசம்பருக்குப் பின் செல்லலாம். ஈரம் இருக்குமிடத்தில் அட்டை இருக்கும். அது கடிப்பது தெரியாது. இரத்தம் உறையாதிருக்கச் செய்யும் ஒரு நீரை உட்செலுத்துவதால் விட்டபின்னும் சிறிது நேரம் கசியும். அஞ்சவேண்டியதில்லை, நீண்ட காலுறையும் ஒரு பொட்டலம் உப்பும் போதும். பளிச்சிடும் நிறங்களைத் தவிர்த்து மங்கிய உடை உடுத்துவது நலம். தொலைநோக்கி ஒன்று மட்டும் எடுத்துச் சென்றால் சோலைமந்தி தெரியும் அந்த இரண்டு நிமிடமும் குழந்தைகளின் சண்டையில் போய்விடும். இரண்டாக எடுத்துச் செல்லுங்கள்.