பதறாத காரியம் சிதறாது

தேநீர்க் கடையின் கல்லாவிலும் பூ விற்பவரின் கூடையிலும் இன்று கியூஆர் அட்டையைக் காண்கிறோம். இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் 2016-ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய யூபிஐ முறை, பத்து ரூபாய்ப் பரிவர்த்தனையையும் வங்கிக் கணக்கோடு இணைத்துவிட்டது.

இதன் நன்மைகள் பல. வெளியூரில் பணிபுரியும் மகன், ஊரிலுள்ள பெற்றோருக்குப் பணம் அனுப்ப மணியார்டரையோ வரைவோலையையோ நாடிய காலம் போய்விட்டது. விடுமுறை நாளிலும் நள்ளிரவிலும் பணம் நொடியில் சேர்கிறது. சில்லறைக்கு அலைவது குறைந்துள்ளது. சிறு வியாபாரியின் அன்றாட வரவு கணக்கில் பதிவாவதால், அவர் கடன் கோரி வரும்போது வியாபாரத்தின் அளவுக்கு அப்பதிவே சான்றாகிறது. இணைய வசதியற்ற சாதாரண கைப்பேசியிலும் பணம் செலுத்த, 2022-இல் யூபிஐ 123பே வந்தது.

எனினும், எந்த விரைவு நமக்கு நன்மை செய்கிறதோ, அதுவே நமக்கு எதிராகவும் திரும்பக்கூடும். காசோலை எழுதிக் கொடுத்த பிறகும் பணம் கைமாறச் சிறிது அவகாசம் இருந்தது. ஐயம் எழுந்தால் வங்கிக்குத் தெரிவித்து நிறுத்தி வைக்க முடிந்தது. யூபிஐயில் ரகசிய எண்ணை இட்டுப் பணம் சென்ற பின் அந்த அவகாசம் இல்லை. மோசடியாளர்கள் குறிவைப்பது இதைத்தான். ‘இன்றிரவு மின்சாரம் துண்டிக்கப்படும்’, ‘கணக்கு முடக்கப்படும்’, ‘காவல்துறையிலிருந்து பேசுகிறோம்’ என அவர்கள் சொல்வதெல்லாம் நம்மைப் பதறச் செய்வதற்கே. நம் நாட்டுச் சட்டத்தில் ‘டிஜிட்டல் கைது’ என்று ஒன்றே கிடையாது.

ஆகவே, தொழில்நுட்பம் நீக்கிவிட்ட அவகாசத்தை நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். பணம் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை என்பதை நினைவிற்கொள்வோம். ரகசிய எண்ணை இடும் முன் திரையில் தோன்றும் பெயரை ஒருமுறை வாசிப்போம். அவசரப்படுத்தும் அழைப்பைத் துண்டித்துவிட்டு, வீட்டிலுள்ள ஒருவரிடமோ வங்கிக் கிளையிலோ விசாரிப்போம். அன்றாடச் செலவுக்கெனச் சிறு தொகை உள்ள கணக்கை மட்டும் யூபிஐயோடு இணைத்து, சேமிப்பைத் தனியே வைப்பது நலம்.

ஏமாற்றப்பட்டால் தயக்கமின்றி உடனே வங்கிக்கும் 1930 என்ற உதவி எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும். வாடிக்கையாளர் தாமே ரகசிய விவரத்தை வெளியிட்டிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை நேரும் இழப்பு அவரைச் சாரும். தெரிவித்த பின் நேரும் இழப்பை வங்கி ஏற்கும் என்று ரிசர்வ் வங்கி 2017-இல் நெறிமுறை வகுத்தது. வெட்கப்பட்டு மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் இழப்பைக் கூட்டவே செய்யும்.

மற்றொன்றும் உண்டு. 2025 மார்ச், ஏப்ரல் மாதங்களில் யூபிஐ சேவை சில வேளைகளில் தடைபட்டபோது, கையில் பணமின்றிக் கடைகளில் நின்றவர்கள் பலர். மருந்துக்கும் பயணத்துக்கும் போதுமான ரொக்கம் வீட்டில் இருக்கட்டும். கணக்கு விவரங்கள் ஒருவரின் கைப்பேசிக்குள் மட்டும் அடங்கிவிடாமல், பாஸ்புத்தகம் இருக்கும் இடத்தையும் நியமனதாரர் விவரத்தையும் குடும்பத்தார் அறிந்திருக்கட்டும்.

பணத்தை எடுத்துச் செல்லும் வேலையைக் கருவியிடம் ஒப்படைப்போம். கொடுக்கலாமா என்று முடிவு செய்யும் வேலை நம்மிடமே இருக்கட்டும்.