குளிர்சாதனம் பழுது பார்ப்பவரை அமர்த்துமுன்

குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி, ஆடி மாதங்களில் தென்காசிப் பக்கத்தில் குளிர்சாதனத்தைத் தேடுவார் இல்லை. செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் காற்றே போதும். பங்குனி பிறந்ததும் நிலைமை மாறிவிடுகிறது. பல மாதம் சும்மா கிடந்த யந்திரத்தை இயக்கிப் பார்க்கிறோம், குளிரவில்லை. உடனே கிடைத்த மெக்கானிக்கை அழைத்து, கேட்ட தொகையைக் கொடுத்தனுப்புகிறோம். தறியில் இழை அறுந்தால் காரணம் கண்டு பிணைக்கும் நாம், இவ்விஷயத்தில் மட்டும் கேள்வி கேட்பதில்லை.

இத்தனைக்கும் இச்சாதனம் நெசவுக்கு அந்நியமானதன்று. ‘ஏர் கண்டிஷனிங்’ என்னும் பெயரை 1906-இல் வழங்கியவர் ஸ்டூவர்ட் கிரேமர் என்ற அமெரிக்கப் பஞ்சாலை எஞ்சினீயர். உலர்ந்த காற்றில் நூல் அறுபடாதிருக்க, ஆலைக் காற்றில் ஈரம் சேர்ப்பதே அவர் நோக்கம். வீட்டுச் சுவருக்கு அது வந்தது பிற்பாடுதான்.

மெக்கானிக்குகள் வாயில் அடிக்கடி வரும் சொல் ‘கேஸ் குறைந்துவிட்டது’ என்பது. இதை அங்கத்தினர்கள் நன்கு மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். குளிர்சாதனத்தின் கேஸ், மோட்டார் வண்டியின் பெட்ரோல் போல எரிந்து தீர்வதன்று. மூடிய செப்புக் குழாய்களுக்குள் திரும்பத் திரும்பச் சுற்றி வருவது. குறைந்தது என்றால் எங்கோ கசிவு இருக்கிறது என்றே பொருள். கசிவை அடைக்காமல் கேஸ் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதே. அடியேனும் மூன்று கோடைகளில் மூன்று முறை அவ்வாறு வார்த்தவன்தான். நான்காம் முறை வந்தவர் நைட்ரஜன் அழுத்தம் கொடுத்து, இணைப்புகளில் சோப்பு நீர் தடவிப் பார்த்தார். வெளிப்பெட்டியின் அருகே ஒரு மூட்டில் குமிழி வந்தது. அதைச் சரிசெய்த பின்னர் இன்றளவும் கேஸ் கேட்கவில்லை.

குழாயில் பனி கட்டினாலும் கேஸ் குறைவு என்பார்கள். வடிகட்டி வலையில் தூசி அடைத்திருந்தாலும் பனி கட்டும். ஆகவே முதலில் வலையைக் கழற்றிக் கழுவுங்கள். பஞ்சுத் தூசி பறக்கும் தறிவீடுகளில் இரு வாரத்திற்கு ஒருமுறை கழுவுதல் நலம்.

கேஸ் உண்மையிலேயே நிரப்ப வேண்டுமாயின், வருபவரிடம் வாக்குவம் பம்பும் எடைத்தராசும் உள்ளனவா என்று பாருங்கள். குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் முற்றிலும் உறிஞ்சிய பிறகே நிரப்ப வேண்டும். கேஸின் வகையும் எடையும் வெளிப்பெட்டியின் தகட்டில் அச்சிடப்பட்டிருக்கும். பழைய யந்திரங்களில் ஆர்-22. இப்போது விற்பவற்றில் பெரும்பாலும் ஆர்-32. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை ஏற்றக் கூடாது. ஆர்-32 ஓரளவு தீப்பற்றும் தன்மை உடையது. அது கசிந்திருக்கும் மூடிய அறையில் பற்றவைப்புச் சுடரை மூட்டுவது உயிருக்கே ஆபத்து. கதவு ஜன்னல்களைத் திறந்து வைக்கச் சொல்லாத மெக்கானிக்கை வேலை தொடங்க விடாதீர்கள். கெபாசிட்டர் என்னும் சிறு உருளை, மின்சாரத்தை நிறுத்திய பின்னும் மின்னேற்றம் தாங்கி நிற்கும். அதைத் தொட்டுப் பார்க்கும் துணிவு நமக்கு வேண்டாம்.

யாரை அமர்த்துவது? உத்தரவாதக் காலம் முடியவில்லையெனில் கம்பெனியின் சர்வீஸுக்கே சொல்லியனுப்புக. வெளியார் கை வைத்தால் உத்தரவாதம் கெடக்கூடும். முடிந்திருந்தால், ஐ.டி.ஐ.யில் குளிர்சாதனத் தொழில் பயின்றவரா என்று விசாரிக்கலாம். அண்டை வீட்டார் சொல்வதும் உதவும். ஆனால் ஒரு கோடை கழிந்த பின்னும் அவர்கள் யந்திரம் ஓடுகிறதா என்றே கேட்க வேண்டும். கம்ப்ரஸர் போயிற்று என்று சொன்னால் இரண்டாம் நபரையும் கேளாமல் சம்மதிக்க வேண்டாம். விலை குறைந்த கெபாசிட்டர் கெட்டிருந்தாலும் கம்ப்ரஸர் ஓடாது.

தொகையை முன்னதாகவே எழுத்தில் பெறுக. மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குக. முழுப் பணத்தையும் முன்பணமாக அளிக்க வேண்டாம். ரசீதில் வேலையின் விவரமும் எத்தனை நாள் பொறுப்பு என்பதும் இருத்தல் அவசியம். தகராறு நேர்ந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முறையிடும்போது கையில் இருக்க வேண்டிய சான்று அந்த ரசீதே.

மாசி மாதத்திலேயே ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுவது உத்தமம். வெளிப்பெட்டியில் எலியும் பல்லியும் குடிபுகுந்திருந்தால் அப்போதே தெரிந்துவிடும். மெக்கானிக்கும் அவசரமின்றி வருவார்.