இரவில் விழித்துப் பகலில் உறங்குவோர்

பெங்களூர் மாநகரில் அல்சூருக்கும் இந்திரா நகருக்கும் இடையே அமைந்துள்ளது ஜோகுபாளையம். நகரம் பெருகப் பெருக அதனுள் ஒன்றிவிட்ட பழைய குடியிருப்புகளுள் இதுவும் ஒன்று. தமிழ் பேசும் குடும்பங்கள் பல இங்கு வாழ்கின்றன. விடியற்காலையில் ஊரார் எழுந்து பணிக்குப் புறப்படும் வேளையில், இத்தகைய குடியிருப்புகளுக்குப் பணி முடித்துத் திரும்புவோரும் உளர். மருத்துவமனைத் தாதியர், காவலாளிகள், வாடகைக் கார் ஓட்டுநர்கள், அயல்நாட்டு நிறுவனங்களுக்காகக் கணிப்பொறியின் முன் அமர்ந்து இரவைக் கழிப்போர் ஆகியோர் அவர்கள். அவர்கள் சன்னலை அடைத்துப் படுக்கும்போது தெருவில் வாகன இரைச்சல் தொடங்கிவிடுகின்றது.

“இரவில் உறங்கினால் என்ன, பகலில் உறங்கினால் என்ன? எட்டு மணி நேரம் படுத்தால் போதாதோ?” என்று வீட்டார் வினவக்கூடும். இரண்டும் ஒன்றல்ல என்பதே விஞ்ஞானம் தரும் விடையாகும்.

உடலுக்குள் ஒரு கடிகாரம்

இவ்வுண்மையை விளக்கும் சிறந்த ஆராய்ச்சிகளுள் சில தமிழ்நாட்டிலேயே நடந்தவை. மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரனும் அவருடைய மாணவர்களும் குகைகளில் வாழும் வௌவால்களை ஆராய்ந்தனர். கூட்டம் வாழும் இருண்ட குகையில் அடைத்து வைக்கப்பட்ட தனி வௌவால், சூரிய ஒளியைக் காணாமலேயே தன் இனத்தாரின் கால ஒழுங்கைப் பின்பற்றிப் பறக்க முயன்றது. வேறு வௌவால்கள் இல்லாத குகையில் அடைக்கப்பட்டதும், அதன் நேரம் நாள்தோறும் சிறிது சிறிதாக விலகிச் சென்றது. இம்முடிவுகள் 1981-ஆம் ஆண்டு வெளியாயின. காலம் அறிய வழியில்லாத தனியறையில் மனிதர்களைப் பல நாட்கள் தங்கச் செய்து, அவர்களுடைய உறக்கத்தையும் விழிப்பையும் இக்குழுவினர் ஆராய்ந்ததுண்டு. சந்திரசேகரன் பின்னர் பெங்களூரிலுள்ள ஜவாஹர்லால் நேரு உயர் விஞ்ஞான ஆராய்ச்சி மையத்தில் பணியாற்றினார்.

இவற்றால் அறியப்படுவது யாது? உயிர்களின் உடலுக்குள்ளேயே ஒரு கடிகாரம் இயங்குகின்றது. வெளியுலகின் குறிப்புகள் அதனை நாள்தோறும் திருத்தி வைக்கின்றன. மனிதருக்கு அக்குறிப்புகளுள் தலையாயது ஒளி. கண்கள் பெறும் ஒளிச் செய்தி மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஒரு சிறு நரம்பணுக் கூட்டத்தை அடைகின்றது. இருள் சூழ்ந்ததும் அதன் ஆணைப்படி ‘மெலடோனின்’ என்னும் சுரப்பு இரத்தத்தில் மிகுகின்றது. பின்னிரவில் உடல் வெப்பம் தாழ்கின்றது. காலையில் இம்மாறுதல்கள் எதிர்த் திசையில் நிகழ்கின்றன. ஆகவே காலை வெயிலில் வீடு திரும்புபவரின் உடல், விழித்திருக்க வேண்டிய வேளை வந்துவிட்டதென்றே கொள்கின்றது. எத்துணை அயர்ந்திருந்தாலும் பகலுறக்கம் குறுகியதாகவும் அடிக்கடி கலைவதாகவும் அமைவதற்கு இதுவே காரணம்.

உறக்கக் கடனின் விளைவுகள்

குறைந்த உறக்கம் கடனைப் போல் சேர்கின்றது. வயது வந்தோர் நாள்தோறும் ஏழு மணி நேரத்திற்குக் குறையாமல் உறங்குதல் நலம். அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2003-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், நாளொன்றுக்கு ஆறு மணி நேரமே படுக்கையில் இருக்க இசைந்தவர்கள் இரண்டு வாரங்களில் கவனக் கூர்மையைப் பெரிதும் இழந்தனர். ஓர் இரவு முற்றிலும் விழித்திருந்தவர்களின் நிலைக்கு அவர்கள் வந்திருந்தனர். ஆயினும் தம் நிலை அவ்வளவு தாழ்ந்துவிட்டதை அவர்கள் உணரவில்லை. உறக்கக் குறைவின் பேராபத்து இந்த அறியாமையிலேயே அடங்கியுள்ளது.

பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 50 மில்லி கிராம் மதுச் சத்து உள்ளவரின் செயல்திறனுக்கு ஒப்பாகும் என 1997-இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் காட்டினர். இந்தியாவில் வாகனம் ஓட்டுவோருக்குச் சட்டம் வகுத்துள்ள எல்லையோ 30 மில்லி கிராமே. மது அருந்தாத ஓட்டுநரும், உறக்கமின்மையால் அந்த எல்லையைத் தாண்டியவரின் நிலையை அடையலாம் என்பது இதனால் விளங்கும்.

உடலின் உள்ளுறுப்புகளும் இதற்குத் தப்புவதில்லை. 1999-இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தார், நலமுடைய பதினோரு இளைஞர்களை ஆறு இரவுகள் நான்கு மணி நேரமே உறங்கச் செய்தனர். அவர்களது உடல் சர்க்கரையைக் கையாளும் ஆற்றல் குன்றியது. நீடித்த உறக்கக் குறைவு நீரிழிவு, இரத்த அழுத்தம், இருதய நோய் ஆகியவற்றுடன் தொடர்புடையது. புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச நிறுவனம், இரவுப் பணியைப் ‘புற்றுநோய் விளைவிக்கக்கூடும்’ என்று கருதத்தக்கவற்றின் வரிசையில் 2007-இல் சேர்த்தது.

குறட்டை நல்லுறக்கத்தின் அறிகுறியா?

இரவு முழுவதும் படுத்திருந்தும் பகலில் தூங்கி வழிவோர் சிலர் உண்டு. உரத்த குறட்டையைக் கேட்டு, “நன்றாக உறங்குகிறார்” என்று வீட்டார் எண்ணுவர். உண்மை வேறாக இருக்கலாம். தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுக்குழலின் மேற்பகுதி அடைபடும். பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்கும். இரத்தத்தில் பிராணவாயு குறையும். மூளை திடுக்கிட்டு விழித்து மூச்சை மீட்கும். சிலருக்கு இது ஒரு மணி நேரத்தில் பன்முறை நிகழ்கின்றது. காலையில் அவருக்கு ஒன்றும் நினைவிருப்பதில்லை. ஆகவே உடனுறங்குவோர் கூறும் செய்தியே வைத்தியருக்கு முதற்சான்றாகும்.

இத்தகைய கோளாறுகளைக் கண்டறிய உறக்க ஆய்வுக்கூடங்கள் உள்ளன. நோயாளி அங்கு ஓர் இரவு உறங்குகையில் மூளையின் மின்னலைகள், கண்ணசைவு, மூச்சு, இருதயத் துடிப்பு, பிராணவாயுவின் அளவு ஆகியவை பதிவு செய்யப்படுகின்றன. 1974-இல் உருப்பெற்ற பெங்களூர் தேசிய மனநல, நரம்பியல் விஞ்ஞான நிறுவனமாகிய ‘நிம்ஹான்ஸ்’, உறக்க ஆராய்ச்சியில் ஈடுபட்டுள்ள இந்திய நிறுவனங்களுள் ஒன்று.

சிகிச்சை முறைகள்

மூச்சுத் தடைக்கு, மூக்கின் மேல் பொருத்தும் உறை வழியாகக் காற்றை மெல்லிய அழுத்தத்துடன் செலுத்தும் கருவி பயன்படுகின்றது. சிட்னி நகரில் காலின் சல்லிவன் 1981-இல் இம்முறையை வெளியிட்டார். உடல் எடையைக் குறைத்தலும் மதுவை நீக்குதலும் துணை செய்யும்.

நாட்பட்ட உறக்கமின்மைக்குத் தூக்க மாத்திரை முதல் மருந்தன்று. படுக்கையை உறக்கத்திற்கு மட்டுமே பயன்படுத்துதல், உறக்கம் வாராவிடில் எழுந்துவிடுதல், நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுதல், உறக்கத்தைப் பற்றிய வீணச்சத்தை நீக்குதல் ஆகியவை அடங்கிய பயிற்சியையே வைத்தியர்கள் முதலில் பரிந்துரைக்கின்றனர். மாத்திரையை வைத்தியரின் ஆலோசனையின்றி உட்கொள்ளலாகாது.

இரவுப் பணியாளர் படுக்கும் அறையை நன்கு இருட்டாக்குதல் வேண்டும். பணியின் பிற்பகுதியில் தேநீரும் காப்பியும் தவிர்க்கத்தக்கவை. பணிக்குச் செல்லுமுன் சிறிது கண்ணயர்தல் நன்று. கண் சொருகும் நிலையில் தாமே வாகனம் ஓட்டலாகாது. பணிமுறைகளை வகுப்போர் காலை, மாலை, இரவு என்னும் வரிசையில் முறை மாற்றினால் உடல் எளிதில் இசையும்.

குடும்பத்தாருக்கும் இதில் பங்குண்டு. பகலில் உறங்குபவரைச் சோம்பேறி என்றெண்ணிக் கடைக்கு அனுப்ப எழுப்புதல், பிறரை நள்ளிரவில் எழுப்புவதற்கு ஒப்பாகும். நகரம் உறங்கும்போது நோயாளிகளையும் வீதிகளையும் காத்தவர் அவர். அவர் உறங்கும் சில மணி நேரம் கதவை ஓசையின்றிச் சாத்துதல் செலவில்லாத சிகிச்சையாகும்.